அக்கா விட்டுப்போன செடியும் மூன்று மாதப் பொய்யும்... வாடிய பீஸ் லில்லியைக் காப்பாற்றிய கதை!

வீடியோ காலில் ஒரு செடியை மறைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எனக்குத் தெரியும். மூன்று மாதம் மறைத்திருக்கிறேன்.

என் அக்கா நர்ஸ். போன வருடம் ஜூன் மாதம் அயர்லாந்தில் வேலை கிடைத்துக் கிளம்பினாள். சென்னையில் நாங்கள் இருவரும் இருந்த வாடகை வீட்டில் அவள் விட்டுப்போனவை மூன்று. ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, பாதி தீர்ந்த ஆவக்காய் ஊறுகாய், ஒரு பீஸ் லில்லி செடி. அடுப்பையும் ஊறுகாயையும் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. செடியைப் பற்றி வாரத்துக்கு இரண்டு முறை கேட்பாள்.

அது அவள் முதல் சம்பளத்தில் வாங்கியது. மூன்று வீடு மாறியபோதும் லாரியில் ஏற்றாமல் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். கொரோனா சமயத்தில் வார்டு டியூட்டி முடிந்து வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் தனி அறையில் அடைந்து கிடந்த நாள்களில் அந்த அறையில் அவளோடு இருந்த ஒரே உயிர் அந்தச் செடி. கிளம்பும்போது விமான நிலைய வாசலில் அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "வாரத்துக்கு ஒரு தடவை, மண்ணைத் தொட்டுப் பாத்துட்டு தண்ணி ஊத்துடி. அதுக்கு மேல ஒண்ணும் பண்ணாத."

அதுக்கு மேல எல்லாமே பண்ணினேன்.

முதல் தப்பு நடந்தது ஜூலையில். இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், செடி மொத்தமும் தொட்டிக்கு வெளியே தலைகவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பயந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். குளித்து, சாப்பிட்டு, ஒரு சீரியல் பார்த்து முடிப்பதற்குள் எல்லா இலையும் எழுந்து நின்றுவிட்டது! பீஸ் லில்லி வைத்திருப்பவர்களுக்கு இந்த நாடகம் பழக்கமாக இருக்கும். தண்ணீர் இல்லை என்றால் மயங்கி விழும், கொடுத்தால் எழுந்துகொள்ளும். எனக்கு அது ஒரு பாடமாகப் பதிந்துவிட்டது. இலை தொங்கினால் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதானே?

அந்தப் பாடம்தான் செடியைக் கொல்லப் பார்த்தது.

ஆகஸ்ட்டில் ஆன்லைனில் ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டி வாங்கினேன். போட்டோவுக்கு அவ்வளவு அழகு. அடியில் ஓட்டை கிடையாது. பரவாயில்லை, அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் அங்கே இறங்கிவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னதை நம்பி, பழைய தொட்டியிலிருந்து பிடுங்கி அதில் நட்டேன். அக்டோபரில் மழை ஆரம்பித்தது. வெளியே ஈரம், வீட்டுக்குள் ஈரம், துணியே இரண்டு நாளைக்குக் காயவில்லை. மண் மட்டும் காய்ந்துவிடுமா என்ன? ஆனால், இலை லேசாகத் தொங்கியது. ஊற்றினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் தொங்கியது. இன்னும் ஊற்றினேன். அடி இலைகள் மஞ்சளாக மாறின. 'சத்து போதவில்லை' என்று நானே முடிவுசெய்து வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீர், டீத்தூள், கடைசியில் ஒரு ஸ்பூன் டி.ஏ.பி என்று எல்லாவற்றையும் போட்டேன். தொட்டியைச் சுற்றிக் கடுகு சைஸில் கறுப்புக் கொசு மாதிரிப் பூச்சிகள் பறக்க ஆரம்பித்தன.

இந்தப் பக்கம் அக்காவின் வீடியோ கால். நல்லதாக மிச்சமிருந்த நான்கு இலைகள் மட்டும் ஃபிரேமுக்குள் வருகிற மாதிரி போனைப் பிடிப்பேன். "கொஞ்சம் கீழ காட்டுடி" என்றால் "நெட் சரியில்லக்கா" என்று கட் செய்துவிடுவேன்.

டூப்ளிகேட் வாங்கப் போன இடத்தில்...

நவம்பர் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அதே மாதிரி இன்னொரு பீஸ் லில்லி வாங்கி அந்த இடத்தில் வைத்துவிடுவது! இருநூறு ரூபாய் செடிதானே. திருவான்மியூர் தாண்டி ஈ.சி.ஆர் ஓரத்தில் இருக்கும் ஒரு நர்சரிக்குப் போய், அக்கா இருந்தபோது எடுத்த பழைய போட்டோவைக் காட்டி, "இதே சைஸ்ல வேணும்ணா" என்றேன்.

அங்கே செடிகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த அண்ணன் போட்டோவைப் பார்த்தார். "இது செத்துப்போச்சா?"

"சாகப்போகுதுண்ணா." இப்போதைய போட்டோவையும் காட்டினேன்.

"வேரைப் பாத்தியாம்மா?"

"இல்ல..."

"வேரைப் பாக்காம எப்படி சாகப்போகுதுன்னு சொல்ற? போய் எடுத்துட்டு வா. புதுசு அப்புறம் வாங்கிக்கலாம்."

விற்க வேண்டியவரே விற்க மறுத்தால் என்ன செய்வது? மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அக்கா செய்த மாதிரியே, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பீங்கான் தொட்டியின் கனம் தாங்கவில்லை. அவர் அதை வாங்கிக் கையில் வைத்த உடனேயே சொல்லிவிட்டார், "உள்ள குளம் இருக்கும்மா."

தொட்டியைச் சாய்த்துச் செடியை உருவினார். முதலில் வந்தது நாற்றம். சாக்கடை அடைத்துக்கொண்டால் வருமே, அதே நாற்றம். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பாக, கொழகொழவென்று இருந்தன. ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்துக் காட்டினார். மேல்தோல் அப்படியே உருவிக்கொண்டு கையில் வந்துவிட்டது. உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிச்சம். "இப்படி உருவிட்டு வந்தா அது செத்த வேரு."

அதன் பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "தண்ணி இல்லாத செடியும் இப்படித்தான் தொங்கும். தண்ணியில முங்குன செடியும் இப்படித்தான் தொங்கும். ரெண்டும் பாக்க ஒண்ணுதான். நீ முங்குனதுக்கு மேல தண்ணி ஊத்திட்டு இருந்திருக்க."

ஏன் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது?

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது விஷயம் எளிதாகத்தான் இருந்தது. வேருக்கும் மூச்சு வேண்டும். மண் துகள்களுக்கு இடையே உள்ள சின்னச் சின்ன இடைவெளிகளில் இருக்கும் காற்றிலிருந்துதான் வேர் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிரம்பிவிட்டால் காற்றுக்கு இடமில்லை. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்ஸிஜன் பரவும் வேகம் கிட்டத்தட்ட 10,000 மடங்கு குறைவு. வேர் மூச்சுத் திணறி இறக்கிறது. இறந்த வேரைப் பித்தியம் மாதிரியான அழுகல் நுண்ணுயிரிகள் பிடித்துக்கொள்கின்றன. பக்கத்தில் இருக்கும் நல்ல வேருக்கும் பரவுகின்றன. வேர் இல்லாத செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே, சுற்றிலும் தண்ணீர் இருக்கும்போதே இலை தாகத்தில் வாடுகிறது. அதைப் பார்த்து நாம் இன்னொரு சொம்பு ஊற்றுகிறோம்.

'நெல் மட்டும் எப்படித் தண்ணியிலயே நிக்குது?' என்று அம்மா போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று போவதற்கென்றே குழாய் மாதிரி வெற்றிடங்கள் இருக்கின்றன. மேலே இலை வாங்கும் காற்று அதன் வழியாக வேர்வரை இறங்கிவிடும். நம் வீட்டுத் தொட்டிச் செடிகள் பெரும்பாலானவற்றுக்கு அந்த அளவுக்கு வசதி கிடையாது.

பீஸ் லில்லியின் சொந்த ஊரைத் தெரிந்துகொண்டால் இன்னும் புரியும். இதன் இனங்களில் பெரும்பாலானவை மத்திய, தென் அமெரிக்காவின் மழைக்காடுகளைச் சேர்ந்தவை. வீடுகளில் வளரும் வகைகளில் ஒன்றின் அறிவியல் பெயர் ஸ்பாத்திஃபில்லம் வாலிசி. 19-ம் நூற்றாண்டில் தென் அமெரிக்கக் காடுகளில் செடி தேடி அலைந்த குஸ்டாவ் வாலிஸ் என்ற ஜெர்மானியரின் பெயர் அது. 1878-ல் ஈக்வடாரில் அவர் இறந்துபோனார். அந்தக் காடுகளில் மழைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், இந்தச் செடி நிற்பது மட்கிய இலையும் குச்சியும் கலந்த பொலபொலவென்ற தரையில். மழை பெய்யும், இறங்கி ஓடிவிடும், வேரைச் சுற்றிக் காற்று இருக்கும். மேலே பெரிய மரங்களின் நிழல். ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஓட்டையில்லாத பீங்கான் தொட்டியில் இறுகிய செம்மண்ணில் ஈரம் மட்டும்தான் கிடைக்கும்.

அந்தக் கூழாங்கல் விஷயம்? அது உதவுவதில்லை. மண்ணும் கல்லும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் உடனே கீழே இறங்காது. மேலே இருக்கும் மண் முழுக்க நனைந்து, அதற்கு மேல் தாங்க முடியாமல் போனால்தான் சொட்டும். அதாவது, கல் போட்டதால் ஈர மண் இன்னும் கொஞ்சம் மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. எத்தனை வீடியோக்களில் இந்த டிப்ஸைப் பார்த்திருப்பேன்!

ஆபரேஷன்

நர்சரி அண்ணன் செய்ததை அப்படியே சொல்கிறேன். உங்கள் வீட்டில் பீஸ் லில்லி, மணி பிளான்ட், அக்லோனிமா, சிங்கோனியம் எது இப்படிக் கிடந்தாலும் முறை ஏறக்குறைய இதுதான்.

வேர்ப்பந்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டி, பழைய மண் மொத்தத்தையும் அலசினார். ஒரு கத்தரிக்கோலை சானிடைசரால் துடைத்துக்கொண்டு, கொழகொழப்பான வேர் ஒன்றுவிடாமல் வெட்டினார். நல்ல வேர் அழுத்தினால் விறைப்பாக இருக்கும்; வெள்ளையாகவோ லேசான சந்தன நிறத்திலோ இருக்கும். பார்த்துப் பார்த்து வெட்டி முடித்தபோது என் செடியில் ஒரு கைப்பிடி வேர்கூட மிச்சமில்லை. அழுதுவிடுவேன் போலிருந்தது.

பிறகு இலை. மஞ்சளானது, பாதி காய்ந்தது எல்லாவற்றையும் அடியோடு நறுக்கினார். வேர் குறைந்துவிட்டால் அத்தனை இலைக்கும் தண்ணீர் அனுப்ப முடியாது, அதனால் இலையையும் குறைக்க வேண்டும் என்றார். பீஸ் லில்லி ஒரே செடியாகத் தெரிந்தாலும், அது வாழைக்கட்டைபோலப் பக்கக்கன்றுகள் சேர்ந்த ஒரு கொத்து. அடித்தண்டு கறுத்து மெத்தென்று ஆகியிருந்த கன்றுகளைத் தூக்கிப்போட்டார். மிஞ்சியது இரண்டு கன்று, மொத்தம் ஐந்து இலை.

பெரிய தொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான்கு இன்ச் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி இரண்டு எடுத்தார். அடியில் ஓட்டைகள் கொண்ட சாதாரணத் தொட்டி. ஒன்று பத்து ரூபாய். "சின்ன வேருக்குப் பெரிய தொட்டி வெச்சா, குடிக்க ஆளில்லாம தண்ணி அப்படியே நிக்கும்." கலவை: கோகோபீட் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு. பெர்லைட் கிடைக்காவிட்டால் செங்கல்லைப் பட்டாணி அளவுக்கு உடைத்துப் போடலாம், கருக்கிய உமியும் போடலாம் என்றார். இதில் ஒரு எச்சரிக்கை: கட்டியாக விற்கும் மலிவான கோகோபீட்டில் உப்பு அதிகம் இருக்கலாம். ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

ஒரே ஒரு முறை, அடி ஓட்டை வழியாக வழியும்வரை தண்ணீர். "இனி மேல் மண்ணு ஒரு இன்ச் காயறவரைக்கும் தொடாத. உரம் கிரம்னு எதுவும் போடாத, புது இலை வரட்டும்."

"வேர்ல மஞ்சத்தூள் தடவணுமாண்ணா?" அம்மா போனில் சொல்லியிருந்தார்.

"தடவுறதுன்னா தடவு. அழுகுன வேரை வெட்டாம மஞ்சள் தடவுனா ஒண்ணும் ஆகாது."

எல்லாம் சேர்த்து அவர் வாங்கியது தொட்டிக்கும் கலவைக்கும் மட்டும், எண்பது ரூபாய்.

உண்மையைச் சொன்ன இரவு

ஐந்து இலையை எந்த ஆங்கிளில் காட்டினாலும் அது ஐந்து இலைதான். அன்று இரவு அக்காவை நானே கூப்பிட்டேன். அவளுக்கு அங்கே மாலை, டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு குட்டித் தொட்டிகளையும் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். டூப்ளிகேட் வாங்கப் போனது உட்பட.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எப்போதிலிருந்து மஞ்சளானது? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர்? தொட்டியில் ஓட்டை இருந்ததா? பேஷன்ட்டின் அட்டெண்டரிடம் கேட்கிற அதே குரல். கடைசியில், "எங்க வார்டுல ட்ரிப்ஸ் ஏத்தும்போது உள்ள எவ்வளவு போகுது, வெளிய எவ்வளவு வருதுன்னு எழுதி வெப்போம். வெளிய வராம உள்ள மட்டும் போயிட்டே இருந்தா மூச்சு வாங்கும்டி" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "ஏன் அப்பவே சொல்லல?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பஸ் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் இருந்தது. 'ஜன்னல்ல இருந்து நாலடி தள்ளி வை. ஏ.சி காத்து மேல படக்கூடாது.'

சரி, இனி தண்ணீர் எப்போது ஊற்றுவது?

'வாரம் ஒரு முறை' என்ற கணக்கு ஒரு தோராயம்தான். மே மாதச் சென்னையில் மூன்று நாளில் காய்கிற மண், நவம்பரில் பத்து நாளானாலும் காயாது. மண் தொட்டியில் சீக்கிரம் காயும், பிளாஸ்டிக்கில் தாமதமாகக் காயும். கிழமை பார்க்காமல் மண்ணைப் பாருங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணுவரை மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். விரலை அழுக்காக்கப் பிடிக்காதவர்கள் ஐஸ்கிரீம் குச்சியைச் செருகி எடுக்கலாம், கேக் வெந்ததா என்று பார்ப்போமே, அதுபோல. எனக்கு இப்போது அதுவும் தேவைப்படுவதில்லை. தொட்டியைத் தூக்கிப் பார்த்தாலே கனம் சொல்லிவிடுகிறது.

இலை தொங்கினால் முதலில் தொட்டியைத் தூக்குங்கள். லேசாக இருக்கிறது, மண் ஓரத்தில் விலகி இடைவெளி விட்டிருக்கிறது என்றால் தாகம். மேலே ஊற்றினால் அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். ஒரு வாளியில் கொஞ்சம் தண்ணீர் வைத்து அதில் தொட்டியை அரைமணி நேரம் உட்காரவைத்து எடுங்கள், சில மணி நேரத்தில் செடி எழுந்துவிடும். தொட்டி கனமாக இருக்கிறது, மண் ஈரம், அடி இலை மஞ்சள், மோந்து பார்த்தால் நாற்றம், அந்தக் குட்டிப் பூச்சிகள் வேறு பறக்கின்றன என்றால், தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வேரைப் பாருங்கள். அந்தப் பூச்சிகளின் புழுக்கள் ஈர மண்ணில்தான் வளரும். மண்ணின் மேல்பகுதி காய ஆரம்பித்ததும் எங்கள் வீட்டில் அவை தானாகக் குறைந்துவிட்டன.

நுனி மட்டும் பழுப்பாகக் கருகுகிறதா? அது வேறு கதை. நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போவது ஒரு முக்கியக் காரணம். வாட்டர் ஃபில்டரிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். நானும் ஊற்றியிருக்கிறேன். ஆர்.ஓ மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஏ.சி-யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு கிடையாது. போர் தண்ணீரைத் தவிர வழியில்லை என்றால், மாதம் ஒரு முறை தொட்டியை பாத்ரூமுக்கு எடுத்துப்போய் அடியில் நன்றாக வழிந்தோடும்வரை நல்ல தண்ணீர் விட்டு உப்பை அலசி விடுங்கள். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

வெளிச்சத்தில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. 'இருட்டிலும் வளரும்' என்று சொல்லி விற்கிறார்கள். இருட்டில் எந்தச் செடியும் வளராது. மெதுவாகச் சாகும், அவ்வளவுதான். வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீரையும் குறைவாகத்தான் குடிக்கும், மண் காயாது, மறுபடியும் அதே அழுகல். பகலில் லைட் போடாமல் பேப்பர் படிக்க முடிகிற இடம் போதும். மேற்குப் பார்த்த ஜன்னலில் நேர் வெயில் படுகிற மாதிரி வைத்தால் இலை வெளிறித் தீய்ந்துவிடும்.

பூ வரவில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு ரகசியம். கடையில் வாங்கும்போது கொத்தாகப் பூத்து நிற்கிறதே, அதற்காகப் பல பண்ணைகளில் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபின் அந்த வேகம் தொடராது. உங்கள் தப்பு இல்லை. போதுமான வெளிச்சம் கிடைத்தால் அதன் நேரத்தில் பூக்கும். இன்னொன்று, நாம் பூ என்று சொல்லும் அந்த வெள்ளை இதழ் பூவே கிடையாது. தென்னம்பாளை மாதிரி ஒரு மூடுமடல். நடுவில் குட்டிச் சோளக்கதிர்போல நிற்பதில் புள்ளி புள்ளியாக இருப்பவைதான் உண்மையான பூக்கள். வெள்ளை மடல் நாளாக நாளாகப் பச்சையாக மாறுவது வியாதி இல்லை, வயசு.

பெயரில் லில்லி இருந்தாலும் இது லில்லி குடும்பம் அல்ல. நம் சேப்பங்கிழங்கு, சேனைக்கிழங்குக்குச் சொந்தம். சேம்பை நறுக்கும்போது கை அரிக்குமே, அதே கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் இதன் இலையிலும் உண்டு. கிழங்கை நாம் வேகவைத்து, புளி சேர்த்துச் சாப்பிடுகிறோம். இதை யாரும் சமைப்பதில்லை. தவழும் குழந்தையோ பூனையோ நாயோ கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், நாக்கு வீங்கலாம். வாயைத் தண்ணீரால் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் குட்டிகள் இருந்தால் எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது.

'காற்றைச் சுத்தம் செய்யும் செடி' என்று எழுதி ஐம்பது ரூபாய் கூடுதலாக விற்பதையும் பார்த்திருப்பீர்கள். 1989-ல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வு அதற்கு மூலம். அந்தப் பட்டியலில் பீஸ் லில்லியும் இருந்தது உண்மை. ஆனால், அது காற்று புகாத சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்த சோதனை. 2019-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட பழைய சோதனைகளை எல்லாம் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். ஜன்னலும் காற்றோட்டமும் செய்யும் வேலையைச் செடி செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வைக்க வேண்டும்! நம் வீட்டில் அப்புறம் நாம் எங்கே படுப்பது? செடி வாங்க வேறு காரணங்கள் இருக்கின்றன. காற்றுக்கு ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

இரண்டில் ஒன்று

எல்லாம் சுபம் என்று முடிக்க ஆசைதான். ஆனால், இரண்டு தொட்டிகளில் ஒன்று பிழைக்கவில்லை. மூன்றாவது வாரம் அதன் அடித்தண்டு கறுத்து, இலையைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. நர்சரி அண்ணனுக்கு போட்டோ அனுப்பினேன். 'அது முன்னாடியே போயிருக்கும். இன்னொண்ணப் பாரு' என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது.

இன்னொன்று மூன்று இலையோடு ஐந்து வாரம் அசையாமல் நின்றது. வளரவும் இல்லை, வாடவும் இல்லை. தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே போய்ப் பார்ப்பேன். எதுவும் செய்யாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. எத்தனையோ முறை சொம்போடு போய்விட்டு, தொட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பியிருக்கிறேன். ஜனவரி முதல் வாரம், நடுவில் பென்சில் முனைபோல ஒன்று எட்டிப் பார்த்தது. சுருட்டிவைத்த பாய் மாதிரி இருந்த அது விரிய ஒன்பது நாள் ஆனது. மற்ற இலைகளைவிட வெளிர்ப் பச்சை, மெழுகு தேய்த்த மாதிரிப் பளபளப்பு.

இப்போது ஏழு இலை. தூரத்தில் பார்த்தால் செடி என்று சொல்லும்படி இருக்கிறது. அந்தப் பீங்கான் தொட்டியில் துடைப்பம், கரண்டி, குடை எல்லாம் நிற்கின்றன.

போன ஞாயிறு அக்கா கூப்பிட்டாள். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் பீஸ் லில்லி வைத்திருக்கிறார்களாம், பூவோடு. வாங்கினாயா என்று கேட்டேன்.

"வாங்கல. நம்ம வீட்டுது பூத்துச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"சரி, காட்டு."

போனை டீபாய் மேல் சாய்த்து, செடிக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, சமைக்கப் போனேன். நான் வெங்காயம் நறுக்கி முடிக்கும்வரை கால் கட்டாகவில்லை.